இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கீழ்த்திசைப் பாடம்

இருங்காடு என்றால் பெரிய காடு என்று பொருள். கோட்டை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கி வந்து, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் இறங்கும் நேயர்கள் காட்டையும் காண மாட்டார்கள், கோட்டையையும் காண மாட்டார்கள். மதில்கள் மட்டும் உண்டு. அவை தொழிற்சாலைகளின் மதில்கள். தென்கொரியாவின் ஹூண்டாய்க் கம்பெனி 1996-ஆம் வருஷம் இந்நாட்டில் கால் வைத்தது. 1998-இல் அதன் முதல் கார் இவ்வூர் மதிலைத் தாண்டி வெளியே வந்தது. அதற்குப் பின் இந்தப் பக்கத்து ஏரிக்கரைகளும் வேர்க்கடலைக் கொல்லைகளும் என்ன ஆயின என்பதை எழுதப் புகுந்தால் அது வேறு கட்டுரையாகிவிடும்.

நாம் இந்த வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் உபாத்தியாயராக இருக்கிறோம். சரித்திரத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர் என்ற ஒரே குற்றத்துக்காக, எந்த வகுப்பிலும் வரைபடம் மாட்ட வேண்டியிருந்தால் நம்மைத்தான் அழைப்பார்கள். 2024-ஆம் வருஷம் பள்ளி திறந்த சில நாட்களில், ஐந்தாம் வகுப்பில் ஆசியாவின் வரைபடத்தை மாட்டிவிட்டு, "கொரியா எங்கே இருக்கிறது?" என்று கேட்டோம். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் துள்ளி எழுந்தான்.

"ஒரகடம் போற வழியில, ஸார்!"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று தோன்றியது நமக்கு மட்டுந்தான். மற்ற முப்பது குழந்தைகளும் அது சரியான விடை என்றே எண்ணினார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் எண்ணியதில் தவறும் இல்லை. அவர்களுக்குக் கொரியா என்பது அப்பா ஏறிப் போகும் வெள்ளைப் பேருந்து, இரவு ஷிப்ட், தீபாவளி போனஸ். சாலையோரத்தில் டீக்கடைப் பலகைக்குப் பக்கத்தில் வட்டமும் கோடும் கட்டமுமாக ஏதோ எழுதியிருக்கும் உணவு விடுதி. அந்தப் பெயருடைய ஒரு தேசம் இருக்கிறது, அங்கே ராஜாக்களும் உழவர்களும் பள்ளிக்கூடத்துக்குப் போக அழுகிற பிள்ளைகளும் இருந்தார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

பாடநூலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2018-19 வருஷங்களில் வெளிவந்த நம் மாநிலப் பாடநூல்களில் ஒன்பதாம் வகுப்பில் இடைக்காலத்துச் சீனமும் ஜப்பானும் வருகின்றன. பத்தாம் வகுப்பில் சீனப் புரட்சியும் கொரிய யுத்தமும் வருகின்றன. ஆனால் பத்தாம் வகுப்பு வருவதற்குள் இந்தப் பிள்ளைகள் தெருவிலும் சினிமாவிலும் கைப்பேசியிலும் கீழ்த்திசையைப் பற்றி முழுப் பட்டமும் வாங்கிவிடுகிறார்கள். ஆகவே வாரம் ஒரு மணி நேரம், வெள்ளிக்கிழமை பிற்பகல், கீழ்த்திசை தேசங்களைப் பற்றிக் கதையாகச் சொல்வது என்று முடிவு செய்தோம். தலைமையாசிரியை அம்மையார், "பரீட்சைக்கு வராத விஷயம், அதனால் உங்களை யாரும் தடுக்கப் போவதில்லை" என்று அனுமதி அளித்தார்.

முதல் பாடம் படுதோல்வி. ஹான் வம்சம், டாங் வம்சம், ஸாங் வம்சம் என்று பல்கலைக் கழகத்தில் நாம் மனப்பாடம் செய்ததை வரிசையாக ஒப்பித்தோம். பத்து நிமிஷத்தில் பாதி வகுப்பு உறங்கிவிட்டது. மீதி வகுப்பு சன்னல் வழியாக ஒரு ஆட்டுக்குட்டியைப் பார்த்துக் கொண்டிருந்தது. ஆட்டுக்குட்டியின் மேல் நமக்குப் பொறாமை உண்டானதை ஒப்புக் கொள்கிறோம்.

அடுத்த வாரம் வம்சங்களை விட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனோம். "உங்கள் வீட்டில் சீனாவிலிருந்து வந்த பெயருள்ள பொருள் என்ன இருக்கிறது?" என்று கேட்டோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, "சீனி, ஸார்" என்றாள். உள்ளூர்ப் பிள்ளைகள் அதைச் சர்க்கரை என்கிறவர்கள். அவர்களுக்கு உடனே ரோஷம் வந்துவிட்டது. சீனச் சட்டி என்றான் ஒருவன். சீனாக்காரம் என்றான், அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பையன். சீன வெடி என்று பத்துக் குரல்கள். தேயிலையும் காகிதமும் பட்டும் நாமே சேர்த்துக் கொண்டோம். காஞ்சிபுரத்துப் பட்டுக்குப் பேர்போன வட்டாரத்தில், பட்டுப்பூச்சியை வளர்த்து நூல் எடுக்கும் வித்தையை முதலில் கண்டவர்கள் சீனர்கள் என்ற செய்தி பிள்ளைகளைச் சிறிது திகைக்க வைத்தது. நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி மட்டும், "நெசவு நம்முடையதுதானே ஸார்?" என்று உறுதி செய்து கொண்டாள்.

காஞ்சிக்கு வந்ததும் பாடம் தானாகவே நடக்கத் தொடங்கியது. ஏனெனில் காஞ்சி அவர்களுக்குத் தெரிந்த ஊர். பேருந்து ஏறினால் போகலாம். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும் ஊர். ஏறக்குறைய 640-ஆம் ஆண்டில் யுவான் சுவாங் என்ற சீனத் துறவி அங்கே வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவிகளும் அந்நாட்டில் இருந்ததாக எழுதி வைத்தார். அங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் ஏற நினைத்தவர், அங்கே பஞ்சமும் குழப்பமும் என்று கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார். பின்னர் 720-இல் பல்லவன் இராஜசிம்மன் சீனச் சக்கரவர்த்திக்குத் தூது அனுப்பினான். 1015-இல் சோழ நாட்டுத் தூதர்கள் முத்துக்களோடு சீனத் தலைநகரை அடைந்தார்கள். வழியில் அவர்களுக்கு 1,150 நாட்கள் ஆயின என்று சீனக் குறிப்பு சொல்கிறது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியதும் ஒரு பெண் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னாள்: "மூணாவது படிக்கறப்ப கிளம்பினா, ஆறாவது வந்துட்டுத்தான் போய்ச் சேருவோம்!" இதைவிட நன்றாக அந்தப் பிரயாணத்தின் தூரத்தை எந்தச் சரித்திரப் பேராசிரியரும் நமக்கு விளக்கியதில்லை.

சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு அது. கடைசியில் ஒரு வரி சீன எழுத்து. அவ்வூர்ப் பௌத்த ஆலயத்தின் பின்புறத் தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். படங்களைக் காட்டியபோது பிள்ளைகள் கண்ணனை அடையாளம் கண்டு கூவினார்கள். நமக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் இந்தப் பெருமையில்தான் ஒரு பள்ளம் இருக்கிறது. மறுநாளே ஒரு பையன் எழுந்து, "அப்படீன்னா எல்லாம் நாமதானே ஸார் சொல்லிக் கொடுத்தது?" என்றான். போதிதர்மரைப் பற்றி 2011-இல் வந்த சினிமாப் படம் அவனுக்குப் பாடமாக இருந்தது. இது ஐந்தாம் வகுப்புப் பையனுடைய கேள்வி மட்டும் அல்ல. படித்த பெரியவர்கள் வீட்டுக் கூடத்திலும் கேட்கிற கேள்விதான். போதிதர்மர் தென்னாட்டு அரசகுமாரர் என்று சீன மரபு சொல்கிறது. காஞ்சிபுரம் என்பது வழக்கமாகச் சொல்லி வரும் செய்தி. சமகாலச் சான்று இல்லை. அதைப் போலவே, இந்தியாவிலிருந்து கப்பலில் போய்க் கொரிய மன்னனை மணந்ததாக ஓர் இளவரசியின் கதையும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய கொரிய நூலில் அது வருகிறது. அவள் அயோத்திப் பெண் என்று 2001-இல் அங்கே அவளுக்கு நினைவுச் சின்னமும் எழுந்தது. தமிழ்ப் பெண்தான் என்று நம்மவர்கள் வாதிடுகிறார்கள். கொரிய மொழியிலும் 'அப்பா' உண்டு, அம்மாவுக்கு 'ஒம்மா' உண்டு. ஹல்பர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1905-இல் இரு மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். எனினும் இன்றைய மொழியறிஞர்கள் அந்த உறவை ஒப்புவதில்லை. தாயையும் தந்தையையும் அழைக்கும் மழலைச் சொற்கள் உலகெங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இவற்றையெல்லாம் 'கதை' என்று ஒரு பக்கமும், 'கல்லிலும் ஏட்டிலும் கண்டது' என்று மறுபக்கமும் கரும்பலகையில் கோடு போட்டுப் பிரித்து எழுதச் செய்தோம். பையனுக்கு ஏமாற்றந்தான். "பட்டு அவங்க, தூது நாம" என்று சமாதானம் சொல்லிக் கொண்டு உட்கார்ந்தான்.

கொரிய எழுத்துப் பாடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை. நாமே புத்தகத்தைப் பார்த்து ஒரு மாதம் கற்றுக் கொண்டுதான் வகுப்புக்குப் போனோம். முன்காலத்தில் கொரியர்கள் சீன எழுத்தைக் கொண்டே எழுதினார்கள். ஆயிரக்கணக்கான குறிகள், ஏழை எளியவர்கள் கற்க முடியாது. ஸேஜோங் என்ற அரசர் 1443-இல் 28 எழுத்துக்களைப் புதிதாக அமைத்து 1446-இல் வெளியிட்டார். நாக்கும் உதடும் தொண்டையும் இருக்கும் நிலையைப் பார்த்து மெய்யெழுத்துக்களுக்கு வடிவம் கொடுத்தார். அரண்மனைப் பண்டிதர்கள் எதிர்த்தார்கள். உழவனும் எழுதத் தொடங்கிவிட்டால் பண்டிதனுக்கு என்ன மதிப்பு? இன்று வழக்கில் இருப்பவை 24.

நம் பிள்ளைகளுக்கு இது வெகு சீக்கிரம் பிடிபட்டது. காரணம் உண்டு. மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் எழுத்தாகும் வித்தை தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதல்லவே! அதைவிட ஒரு வேடிக்கை. தமிழில் 'கடல்' என்னும்போது க ஒரு மாதிரி ஒலிக்கிறது. 'தங்கம்' என்னும்போது வேறு மாதிரி. எழுத்து மட்டும் ஒன்றே. கொரியரும் அப்படியே செய்கிறார்கள். த, ப எழுத்துக்களுக்கும் இதே கதைதான். ஹிந்தி படித்தவர்கள் தமிழில் நான்கு 'க' இல்லையே என்று நம்மைப் பரிகசிப்பதுண்டு; அந்தப் பரிகாசத்தில் பங்குகொள்ள கீழ்க்கோடியில் ஒரு கூட்டாளி இருப்பது அறிந்து வகுப்பு மகிழ்ந்தது. ஆனால் ல-வுக்கும் ர-வுக்கும் அவர்களிடம் ஒரே எழுத்து. 'மலர்' என்று எழுதப் போனால் 'மல்லரு' என்று முடிகிறது. ழகரத்தைத் தேடிக் களைத்த ஒருவன், "இவங்க தமிழ்னே எழுத முடியாதா ஸார்?" என்று இரக்கப்பட்டான்.

இரண்டு வாரத்தில் பிள்ளைகள் சாலையோரப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தார்கள். பொருள் தெரியாது, வாசிப்பார்கள்.

இந்தச் சமயத்தில்தான் வேலைநிறுத்தம் வந்தது. 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி, சுங்குவார்சத்திரம் அருகே தென்கொரிய நிறுவனம் ஒன்றின் தொழிலாளர்கள், சங்கம் வைக்கும் உரிமையும் சம்பள உயர்வும் கேட்டு வேலைக்குப் போக மறுத்து உட்கார்ந்தார்கள். அது 37 நாட்கள் நீடித்தது. நம் வகுப்பில் 'ஒரகடம் போற வழியில' என்று விடை சொன்ன அதே பையனுடைய தந்தையும் அந்தப் பந்தலில் இருந்தார். மூன்றாவது வாரத்தில் பையன் பள்ளியின் காலை உணவில் உப்புமாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியதை ஆயா அம்மாள் நம்மிடம் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை அவன் நோட்டைத் திறக்கவில்லை.

"கொரியாக்காரங்க நல்லவங்களா, கெட்டவங்களா ஸார்?"

இருபது வருஷ உத்தியோகத்தில் பல கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் நின்றிருக்கிறோம். ஆனால் இவ்வளவு நேரம் நின்றதில்லை. 'எல்லா நாட்டிலும் நல்லவரும் உண்டு, கெட்டவரும் உண்டு' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தப் பதில் உண்மைதான். ஆனால் பசித்த பிள்ளைக்கு அது பதில் ஆகுமா? நாம் வேறு ஒரு காரியம் செய்தோம். "உன் பெயரை நாளையிலிருந்து மாற்றிக் கொள்ள வேண்டும் என்று சர்க்கார் சொன்னால் என்ன செய்வாய்?" என்று கேட்டோம். அவன் விழித்தான். பிறகு சொல்லத் தொடங்கினோம்.

ஜப்பான் 1910-இல் கொரியாவைத் தன் சாம்ராஜ்யத்தோடு சேர்த்துக் கொண்டது. 1938-க்குப் பின் பள்ளிகளில் கொரிய மொழி ஒதுக்கப்பட்டது. 1940-இல் ஜப்பானியப் பெயர் சூட்டிக் கொள்ளும்படி கட்டளை பிறந்தது. மறுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு அடைபட்டது. அதற்கு முன்பே, 1919 மார்ச் முதல் தேதியன்று, ஸியோல் நகரத்துப் பூங்காவில் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்து ஆயுதமில்லாமல் ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். யூ குவான்-சுன் என்ற மாணவி தன் கிராமத்துக்குப் போய் ஜனங்களைத் திரட்டினாள். அடுத்த வருஷம் சிறையிலேயே இறந்தாள். அதே 1919-இல், அந்த மார்ச்சுக்கு அடுத்த ஏப்ரல் 13-ஆம் தேதிதான் அமிருதசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. ஜவஹர்லால் நேரு 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய சரித்திரக் கடிதங்களில், கொரிய இளைஞர்களையும் மாணவிகளையும் பற்றி மறவாமல் எழுதினார். 1945-இல் கொரியா விடுதலை பெற்ற தேதியைக் கரும்பலகையில் எழுதினோம்: ஆகஸ்டு 15.

"நம்ம தேதி, ஸார்!" என்று வகுப்பே கத்தியது.

பையன் கத்தவில்லை. "அப்ப அவங்களையும் ஒருத்தன் மிரட்டியிருக்கான்" என்றான். சற்றுப் பொறுத்து, "அப்படி இருந்தும் ஏன் எங்கப்பாவை..." என்று பாதியில் நிறுத்தினான். அதற்கு மேலும் நாம் சொல்லக் கூடியது ஒன்று இருந்தது. 1970 நவம்பரில் ஸியோல் தையல் கூடங்களின் கொடுமையைப் பொறுக்காத ஜொன் டே-இல் என்ற தொழிலாளி, ஏட்டில் மட்டும் இருந்த தொழிற் சட்டத்தை அமல் செய்யச் சொல்லி உயிரையே விட்டான். அவனுடைய தேசத்துத் தொழிலாளர்களும் தெருவில் நின்றுதான் சங்கம் கண்டார்கள். அவன் உயிர்விட்ட விதம் பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கதல்ல. ஆகவே, "அந்த ஊரிலும் உன் அப்பாவைப் போல் பந்தலில் உட்கார்ந்தவர்கள் உண்டு, அவர்களும் கொரியாக்காரர்கள்தான்" என்று மட்டும் சொன்னோம். அவன் அதை எப்படி எடுத்துக் கொண்டான் என்று அன்று தெரியவில்லை.

கொரியாவின் கதையைச் சொன்னால் ஜப்பான் வில்லனாகிவிடும் அபாயம் உண்டு என்பதை அடுத்த வாரம் விளையாட்டு மைதானத்தில் கண்டோம். இரண்டு கட்சி பிரிந்து யுத்தம் நடந்தது. ஜப்பானாக இருக்க யாரும் முன்வரவில்லை. ஆகவே யானைக் கதையைச் சொன்னோம். 1943-இல் டோக்கியோவின் உயேனோ மிருகக்காட்சி சாலையில் மூன்று யானைகள் இருந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் ஊருக்குள் புகும் என்று அவற்றைக் கொல்லச் சொன்னார்கள். யானைகளைப் பட்டினி போட்டார்கள். உணவு கிடைக்கும் என்று அவை வித்தை காட்டிக் கேட்டன என்கிறார்கள். யுத்தம் முடிந்த பின் யானையையே பாராத டோக்கியோக் குழந்தைகள், ஒரு யானை வேண்டுமென்று நேருவுக்குக் கடிதங்கள் எழுதினார்கள். 1949-இல் மைசூர் யானை ஒன்று தம் மகள் இந்திராவின் பெயரோடு கப்பல் ஏறிப் போயிற்று. 1983 வரை அது அங்கே வாழ்ந்தது. இந்தக் கதைக்குப் பின் ஜப்பான் கட்சிக்கு ஆள் பஞ்சமில்லை. எல்லோரும் யானையாக இருக்க விரும்பியதுதான் தொல்லை.

செய்தி ஊருக்குள் போய்விட்டது. டீக்கடையில் ஒரு பெரியவர் நம்மை நிறுத்தி, "வாத்தியாரே, எங்க பெரியப்பா மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் கூட்டிப் போனான். வரவில்லை. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்வீர்களா?" என்றார். 1942-43-இல் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். அதே வருஷங்களில் அதே மலேயாத் தோட்டங்களிலிருந்துதான் தமிழ் வாலிபர்கள் நேதாஜியின் படையிலும் சேர்ந்தார்கள். பெரியவரைப் பள்ளிக்கே அழைத்து வந்துவிட்டோம். அவர் பெரியப்பாவின் ஒரே புகைப்படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஐந்து நிமிஷந்தான் பேசினார். யானைக்கு அழுத பிள்ளைகள் அந்தப் புகைப்படத்தைக் கையில் கொடுத்தபோது பேசாமல் ஒருவர்க்கொருவர் கடத்திக் கொண்டார்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். நம் வகுப்பில் அஸ்ஸாமிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் பெண் இருந்தாள். தமிழ் நம் பிள்ளைகளைவிடச் சுத்தமாகப் பேசுவாள். அவளுக்குப் பள்ளியில் 'சைனா' என்று பெயர். அதட்டினால் நம் எதிரில் நிறுத்துவார்கள்; முதுகுக்குப் பின் தொடரும். ஒரு நாள் உலக உருண்டையையும் ஒரு நூல் துண்டையும் கொடுத்து, அவள் ஊரிலிருந்து பெய்ஜிங்குக்கும், அவள் ஊரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கும் அளக்கச் சொன்னோம். நூல் நம் பக்கத்தில்தான் குறைவாக இருந்தது. மறுபடி அளந்தார்கள், மறுபடியும் அப்படியே. பட்டப் பெயர் அன்றே போய்விட்டது என்று சொன்னால் நேயர்கள் நம்ப மாட்டார்கள், போகவும் இல்லை. ஆனால் யாராவது அப்படி அழைத்தால் அவள் இப்போது, "நூல் கொண்டு வா, அளப்போம்" என்கிறாள்.

பாரதியார் 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். மூன்று அடியில் முடிந்துவிடும் கவிதை என்றால் எழுதிப் பார்க்க எந்தப் பிள்ளைக்கும் பயம் இராது. எழுதச் சொன்னோம். பெரும்பாலும் நிலாவும் மயிலுமாக வந்தன. அந்தப் பையன் எழுதியது இது:

சங்கு ஊதியாச்சு.
அப்பா கிளம்பிட்டார்.
தட்டில் பாதி இட்லி.

வேலைநிறுத்தம் அக்டோபர் 15-ஆம் தேதி முடிவுற்றதற்குப் பின் எழுதியது. கேட்டது முழுவதும் கிடைத்ததா என்பதெல்லாம் பெரியவர்கள் பேச்சு; பையனுக்கு அப்பா மறுபடியும் பேருந்து ஏறினார் என்பதே செய்தி.

நவம்பரில் ஒரு நாள் மாலை, அந்தத் தந்தை யூனிபாரத்தோடு பள்ளி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் பேனாவால் வரைந்த நான்கு கொரிய எழுத்துக்கள். "ஸார், பதினோரு வருஷமா என் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் இது இருக்கு. பையன் வாசிக்கிறான். அர்த்தம் மட்டும் தெரியலேங்கிறான்" என்றார். பையன் தலை நிமிர்ந்து, விரல் வைத்து, "அன்-ஜொன்-ஜே-யில்" என்று வாசித்தான். நாம் அகராதியைப் புரட்டினோம். 'பாதுகாப்பே முதன்மை' என்று இருந்தது.

தந்தை ஒரு கணம் காகிதத்தைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுதானா? இதைத்தான் பக்கத்திலேயே தமிழிலேயும் எழுதி வெச்சிருக்காங்க, ஸார்!"